டைமன் சொன்னால் ஹார்ட்

இராஜாங்கம் சர்வேயர் கும்பகோணம் நகர மன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது சீட்டாடுவதற்காக அல்ல. ஒரு புலப்படத்தில் மேலதிகாரியின் கையெழுத்து வாங்கப் போனார். ஆளுங்கட்சி இரண்டாகப் பிரிந்த மறு வருஷம், குறுவை கதிர் வாங்கும் சமயம். பாபநாசம் பக்கத்து ஊர்களில் கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு வந்தது. அவர் மன்றத்துக்கு வந்து சேர மாலை ஆறு மணி ஆகிவிட்டது.

மேலதிகாரி அப்துல் ஹமீது, நிலச் சீர்திருத்த அலுவலகத்துக்குப் பொறுப்பானவர். பின்கூடத்தில் மூன்று பேரோடு பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட கையோடு வாசலில் ஜீப் வந்து நின்றது. கலெக்டர் கூப்பிட்டிருந்தார்.

"போச்சு. ஆட்டம் பாதியில நிக்குது" என்றார் ஹமீது. பிறகு வேடிக்கையாக, "இராஜாங்கம், நீ வேணா உக்காந்து ஆடுய்யா" என்றார்.

"சரிங்க சார்" என்று இராஜாங்கம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஹமீது சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்குச் சிரிப்பு வரவில்லை. இராஜாங்கம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணையாளின் மகன், அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து சர்வேயர் ஆனவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வக்கீல் ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மிராசுதார்களின் நிலத் தாவாக்களுக்கு அந்த வட்டாரத்தில் அவர்தான் வக்கீல்.

"ஆட்டம் தெரியுமாய்யா?"

"தெரியும் சார். ட்ரெய்னிங் கேம்ப்ல ஐப்பசி மழை பத்தொம்பது நாள் கூடாரத்துலயே உக்கார வச்சிடுச்சி. பொன்மலை ரயில்வே காலனிப் பையன் ஒருத்தன் எங்களோட இருந்தான். அவன்கிட்ட கத்துக்கிட்டது."

எதிரே கூட்டாளியாக அமைந்தவர் கமலாம்பாள். பெண்கள் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர், நாற்பது வயது. கணவர் தாராசுரத்தில் டாக்டர். மன்றத்தில் சீட்டாடும் ஒரே பெண் அவர்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கொரு சீட்டு இறங்கும் சுற்றை ஜெயித்தால் அது ஒரு பிடி. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் நடக்கும். இத்தனை பிடி பிடிப்போம், இந்த ஜாதிச் சீட்டு துருப்பு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஏலத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று முதல் ஏழு வரை எண்கள், இஸ்பேடு, ஹார்ட், டைமன், கிளாவர், துருப்பே இல்லாத நோட்ரம்ப் என்று ஐந்து பெயர்கள், பாஸ், டபுள், ரீடபுள். ஆகப் பதினைந்து வார்த்தை. அதற்கு மேல் ஒரு கண் சிமிட்டலோ, தொண்டைச் செருமலோ கூடாது. அதனால் கூட்டாளிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்: இந்த இடத்தில் இதைச் சொன்னால் இதுதான் பொருள்.

அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நடுவே எந்தப் பேச்சும் இல்லை. நான்காவது ஆட்டத்தில் இஸ்பேடுதான் துருப்பு என்று ஏலத்தில் இருவருக்கும் ஒத்துப்போன பிறகு, கமலாம்பாள் திடீரென்று "நாலு நோட்ரம்ப்" என்றார். இராஜாங்கம் கையைப் பார்த்தார். இஸ்பேடு நிற்கும்போது இது எதற்கு? கூடாரத்தில் இதற்கு ஒரே பொருள்தான். உன்னிடம் எத்தனை ஏஸ் இருக்கிறது? அவரிடம் ஒன்று இருந்தது. ஒன்று இருந்தால் சொல்ல வேண்டிய பதில் "அஞ்சு டைமன்". அவர் கையில் டைமனில் இருந்ததோ உருப்படாத இரண்டு சீட்டு. தயங்காமல் சொன்னார்.

"அஞ்சு டைமன்."

"ஆறு இஸ்பேடு" என்றார் கமலாம்பாள்.

ஏலத்தில் சொன்ன எண்ணோடு ஆறு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு; ஆறு என்று எடுத்தால் பதின்மூன்றில் பன்னிரண்டு பிடித்தாக வேண்டும். பன்னிரண்டும் வந்தது. ரெங்கசாமியின் கூட்டாளி, பாபநாசத்தில் அரிசி மில் வைத்திருந்த லியாகத் அலி, சீட்டைக் கீழே போட்டுவிட்டு, "மாஷா அல்லா! பேசி வச்சுக்காமயே இப்பிடின்னா, பேசி வச்சுக்கிட்டா என்ன ஆவும்?" என்றார்.

கமலாம்பாள் அப்போதுதான் இராஜாங்கத்திடம் முதல்முறையாகப் பேசினார். "நான் ஏஸ்தான் கேக்குறேன்னு எப்பிடித் தெரிஞ்சுது?"

"வேற எதுவா இருந்தாலும் நீங்க கேட்டதுல அர்த்தம் இல்லீங்கம்மா. நீங்க அர்த்தமில்லாம கேக்குற ஆளாத் தெரியல."

"ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வாங்க. பேசி வச்சுக்குவோம்."

பாபநாசத்தில் இருந்த வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி பொன்னுத்தாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் ஆரம்பப்பள்ளி ஆசிரியை.

"சீட்டாட்டமா? நம்ம தெருவுல சீட்டுக்கட்டைப் பாத்தா விளக்குமாறு பறக்கும், தெரியும்ல?"

"இது அந்தச் சீட்டு இல்ல. இதுல காசு கிடையாது. கணக்குதான்."

"அப்ப நானும் வர்றேன். எங்க கணக்கு, யாரு கணக்குன்னு பாக்குறேன்."

வந்தாள். டாக்டர் ஒரு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் சீட்டைப் பரப்பிக்கொண்டு, "இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?" "ரெண்டு கிளாவர்." "ஏன்?" என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். பொன்னுத்தாய்க்கு அரை மணியில் தூக்கம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, "நீங்களே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். யாராவது தெருவில் ஜாடை பேசினால், "போய்ப் பாருங்களேன், அங்க கொட்டாவி விட்டே தாடை வலிக்கும்" என்பாள்.

கமலாம்பாளுக்கு ஏற்பாடுகள் எத்தனை இருந்தாலும் போதாது. கணக்கு படித்தவர். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு சங்கேதம் இருக்க வேண்டும் என்பார். இராஜாங்கம் விடமாட்டார். "பன்னண்டு போதுங்கம்மா. பதிமூணாவது உள்ள வந்தா, நெருக்கடில பழசு ஒண்ணு மறந்துபோவும். மறந்துபோன ஏற்பாடு, ஏற்பாடே இல்லாததவிட மோசம்." இரண்டு மாதம் வாதாடிப் பன்னிரண்டுக்கு வந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் பின்னால் மன்றத்தையே கலக்கியது.

அது இதுதான். கூட்டாளி பலமான கையோடு "ஒரு நோட்ரம்ப்" என்று ஏலத்தைத் தொடங்குகிறார். எனக்கு ஹார்ட்டில் ஐந்து சீட்டு இருக்கிறது. நான் "ரெண்டு ஹார்ட்" என்று சொல்வதில்லை. "ரெண்டு டைமன்" என்கிறேன். உடனே கூட்டாளி "ரெண்டு ஹார்ட்" என்று சொல்லிவிட வேண்டும். இதில் என்ன லாபம்? ஹார்ட் என்று முதலில் சொன்னவர்தான் ஆட வேண்டும். அவருடைய கூட்டாளி பதின்மூன்று சீட்டையும் மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்த வழியில் பலமான கை மறைவாகவே இருக்கும், இளைத்த கை விரிப்பில் கிடக்கும்.

தை மாதத்தில் ஒரு மாலை இராஜாங்கம் அப்படி "ரெண்டு டைமன்" சொல்ல, ரெங்கசாமி அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு தப்பான சீட்டை இறக்கினார். ஆட்டம் கையை விட்டுப் போயிற்று. விரிப்பில் ஒரே ஒரு டைமன் கிடப்பதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"என்னய்யா இது? வாயில டைமன், கையில ஹார்ட்டா? இதுக்கு ஊர்ல பினாமின்னு பேரு. பினாமி ஏலமா எடுக்குறீங்க?"

பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. கமலாம்பாளின் முகம் சிவந்தது. இராஜாங்கம் எழுந்திருக்கவில்லை.

"பினாமின்னா மறைக்கணும் சார். நாங்க எதையும் மறைக்கல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இராஜாங்கம் பென்சிலை எடுத்தார். "அது நியாயம் சார். நீங்க கேக்காட்டியும் நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு எங்களுதுதான். இந்த ஆட்டத்தக் கணக்குல எடுத்துக்க வேணாம்" என்று மதிப்பெண் தாளில் அந்த வரியைத் தாமே அடித்தார்.

மறுநாள் ஆபீசில் பன்னிரண்டு ஏற்பாடுகளையும் தமிழில், சர்வே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கார்பன் வைத்து நான்கு படி. ஒன்றை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் குத்தினார். மற்றவை எதிராளிகளுக்கு. "எங்கள் ஏலத்தின் பொருள். சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று கீழே இரண்டு பேர் கையெழுத்து. பலகையின் முன்னால் கூட்டம் கூடிப் படித்தார்கள். எல்லா ரகசியமும் வெளியே வந்துவிட்டது, இனிமேல் இவர்கள் தோற்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தோற்கவில்லை. அந்தக் கோடையில் மன்றத்தின் சார்பில் பொன்மலையில் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு அவர்களையே அனுப்புவதென்று முடிவாயிற்று. லியாகத் அலிதான் முன்மொழிந்தார்.

இதற்கிடையில்தான் அரசமங்கலம் ஃபைல் வந்தது.

அரசமங்கலம் பாபநாசத்துக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரம் இருந்த சின்ன ஊர். அங்கே பெரிய நிலக்காரர் தங்கையன். சட்டம் ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்திருந்தது. தங்கையனிடம் அந்த அளவுதான் இருப்பதாகக் கிராமத்து அடங்கல் கணக்கு சொன்னது. மிச்சமெல்லாம் சமையல்காரர் பெயரில், வண்டிக்காரர் பெயரில், இப்படிப் பரவிக் கிடந்தது. உண்மையில் விளைச்சலை அனுபவிப்பது யார் என்று விசாரித்து, நிலத்தை அளந்து காட்டும்படி உத்தரவு. இராஜாங்கம் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. கமலாம்பாள், ஆறு ஏக்கர் நாற்பது சென்ட்.

தங்கையன் கமலாம்பாளின் அண்ணன் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இராஜாங்கத்துக்குத் தெரிந்தது.

நேரே ஹமீதின் அறைக்குப் போனார்.

"சார், இந்த ஊருக்கு வேற ஆளப் போடுங்க."

"ஏன்யா?"

"ஏழாவது பேரு என் பார்ட்னர். நான் அளந்தா ரெண்டு பக்கமும் பேச்சு வரும்."

ஹமீது ஃபைலைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "குறுவை நடவுக்குள்ள முடிக்கணும்னு மேலேருந்து நெருக்குறாங்க. வேற சர்வேயருக்கு எங்க போவேன்? நீ சொன்னத எழுதிக் குடு, ஃபைல்ல வைக்கிறேன். அளக்குறது நீ. கூட வலங்கைமான் சர்வேயரும் நின்னு ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துப் போடட்டும். விசாரணை நான் பண்றேன். சரியா?"

"சரிங்க சார்."

நோட்டீஸ் சாவடியில் ஒட்டப்பட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டுக்கட்டைப் பிரிக்கும் முன்பே இராஜாங்கம் சொல்லிவிட்டார்.

"அம்மா, அரசமங்கலத்துல உங்க பேர்ல ஆறு ஏக்கர் நாப்பது சென்ட் இருக்கு. நோட்டீஸ் ஒட்டியாச்சு. அளக்க வர்றது நான்தான்."

கமலாம்பாள் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார். "என் பேர்லயா? எப்ப?"

"ஆறு வருசத்துக்கு முன்னாடி. தானசெட்டில்மெண்ட்."

அவருக்கு நினைவு வந்தது. அம்மாவின் கருமாதிக்கு மறுநாள் அண்ணன் கொண்டுவந்து நீட்டிய காகிதங்கள். அழுத கண்ணோடு போட்ட கையெழுத்து. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நிலம் சம்பந்தமாக ஏதோ என்று மட்டும் தெரியும்.

"இப்ப நான் என்ன சொல்லணும்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்கம்மா. விசாரணைல ஹமீது சார் கேப்பாரு, நீங்க சொல்வீங்க. அது முடியிற வரைக்கும் இந்த மேஜைல நிலத்தப் பத்தி நாம ஒரு வார்த்தகூடப் பேச வேணாம்."

கமலாம்பாள் கட்டை மறுபடி கையில் எடுத்தார். "சரி" என்றார். பிறகு சீட்டைப் போட்டார்.

இராஜாங்கம் பேசவில்லை. ஆனால் தங்கையன் பேசினார். அடுத்த பத்து நாளில் நான்கு தடவை தாராசுரத்துக்குக் கார் வந்தது. முதலில் பலாப்பழத்தோடு வந்தார். பிறகு வக்கீல் ரெங்கசாமியோடு வந்தார். விசாரணையில் சொல்ல வேண்டியதை ரெங்கசாமி ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். ஆமாம், நிலம் என்னுடையது. விளைச்சல் எனக்கு வருகிறது. நான்காவது தடவை அண்ணன் தனியாக வந்தார்.

"அந்த சர்வேயர்தான் ஒங்கூட சீட்டாடுறானாமே. ஒரு வார்த்த சொன்னா மத்தவங்க நிலத்தையும்கூட விட்டுருவான்ல?"

"சொல்ல மாட்டேன்ணே. சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு."

"அப்பிடி என்ன பெரிய ஆளு? அவங்க அப்பன் நெல்லுக்கட்டு தூக்குனவன்."

"அதனால என்ன?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அன்றிரவு சாப்பிடவில்லை என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பொன்மலைப் போட்டி. ரயில்வே கூடத்தில் இருபத்திரண்டு ஜோடிகள். மெட்ராஸிலிருந்துகூட வந்திருந்தார்கள். மதியத்துக்குள் கும்பகோணத்து ஜோடி முதலிடத்தில் இருந்தது. இராஜாங்கம் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு மேஜையிலும் முதலில் தங்கள் தாளை எதிராளிகள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தமிழில் இருந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் சிரிப்பு நின்றது.

கடைசியிலிருந்து மூன்றாவது ஆட்டம். இராஜாங்கம் "ஒரு நோட்ரம்ப்" என்று தொடங்கினார். கமலாம்பாள் கையில் டைமன் மட்டும் ஆறு. மற்றதெல்லாம் சில்லறை. அவர் மனசு எங்கே இருந்ததோ, டைமன் நிறைய இருக்கிறது என்பதற்காக "ரெண்டு டைமன்" என்று சொல்லிவிட்டார். தாங்கள் பேசி வைத்தது அந்த நிமிஷம் நினைவில் இல்லை.

எதிராளி, ரயிலில் கார்டாக இருக்கும் நரைத்த தலைக்காரர் ஒருவர், இராஜாங்கத்திடம் கேட்டார். "இதுக்கு என்ன சார் பொருள்?"

"அவங்க கையில ஹார்ட் அஞ்சுக்குக் குறையாம இருக்கும்."

கமலாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் ஹார்ட் இரண்டே இரண்டு.

"ரெண்டு ஹார்ட்" என்றார் இராஜாங்கம், ஏற்பாட்டின்படி.

தப்பிக்க வழி இருந்தது. "மூணு டைமன்" என்று சொன்னால் போதும், கூட்டாளி புரிந்துகொள்வார். ஆனால் தாம் மறந்துவிட்டோம் என்பது கமலாம்பாளுக்குத் தெரிந்ததே கூட்டாளியின் வாயிலிருந்து வந்த விளக்கத்தால்தான். அப்படித் தெரிந்ததை வைத்து ஏலத்தை மாற்றக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. அந்த விளக்கம் காதில் விழாதிருந்தால் என்ன செய்திருப்பார்? இராஜாங்கத்திடம் நிஜமாகவே ஹார்ட் நிறைய இருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் விட்டிருப்பார்.

"பாஸ்" என்றார்.

எல்லோரும் பாஸ். கமலாம்பாள் சீட்டுகளை விரித்தார். ஆறு டைமன், இரண்டு ஹார்ட். இராஜாங்கத்திடம் ஹார்ட் மூன்றுதான். இரண்டு பேரிடமும் சேர்த்து ஐந்து துருப்பு. எதிராளிகளிடம் எட்டு. இராஜாங்கம் விரிப்பை ஒரு தடவை பார்த்தார். "நன்றிங்கம்மா" என்று, நல்ல கைக்குச் சொல்வதைப் போலவே சொல்லிவிட்டு ஆடினார். எட்டுப் பிடி பிடிக்க வேண்டியதில் நான்கு குறைந்தது.

ரயில் கார்டு சீட்டை அடுக்கிக்கொண்டே கேட்டார். "மூணு டைமன்னு ஓடியிருக்கலாமேம்மா?"

"அவரு சொன்னது காதுல விழுந்ததுக்கு அப்புறம் எப்பிடிங்க ஓடுறது?"

அந்த ஒரு ஆட்டத்தில் முதல் இடம் போயிற்று. இரண்டாவதாக வந்தார்கள். பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை வாங்கும்போது அந்த ரயில் கார்டுதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் கமலாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கல்லணையைத் தாண்டியதும், "மறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

"மறக்குறது சகஜங்கம்மா. மறந்ததுக்கு அப்புறம் நீங்க செஞ்சீங்களே, அத என்னால செஞ்சிருக்க முடியுமான்னு யோசிச்சிக்கிட்டு வர்றேன்."

"முடியும்."

"முடியும்னுதான் நானும் நினைக்கிறேன்" என்று இராஜாங்கம் சிரித்தார். "ஆனா வயிறு எரிஞ்சிருக்கும்."

நிலத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

புதன்கிழமை காலை அரசமங்கலம் பள்ளிக்கூடத்தில் விசாரணை. செங்கொடிக்காரர்கள் ஒரு பக்கம், தங்கையனின் ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் போலீஸ் இரண்டு பேர். இராஜாங்கம் புலப்படத்தோடு ஹமீதுக்கு இடப்பக்கம் நின்றார். வலங்கைமான் சர்வேயர் வலப்பக்கம். சமையல்காரர் வந்து, நிலம் தன்னுடையதுதான் என்று சத்தியம் செய்தார். எல்லை எதுவென்று கேட்டதற்கு வாய்க்காலை வயலுக்கு மேற்கே காட்டினார். அது கிழக்கே ஓடுகிறது. வண்டிக்காரர் ஒன்றுமே சொல்லாமல் தங்கையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலாம்பாளைக் கூப்பிட்டார்கள். ரெங்கசாமி எழுந்து, "என் கட்சிக்காரர் சார்பில்" என்று தொடங்கினார்.

"அவங்களே சொல்லட்டும் சார்" என்றார் ஹமீது. "அம்மா, பத்திரத்துல இருக்குறது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான்."

"நிலம்?"

கமலாம்பாள் அண்ணனைப் பார்த்தார். தங்கையனும் கண்ணை எடுக்கவில்லை.

"நிலம் எனக்கு வந்ததே இல்லீங்க. எந்த வயல்னுகூடத் தெரியாது. ஆறு வருசத்துல ஒரு மரக்கா நெல்லு என் வீட்டுக்கு வரல. உழுறதும் அறுக்குறதும் எங்க அண்ணன் ஆளுங்கதான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். இந்தத் தடவ படிச்சிட்டுப் போடுறேன்."

ரெங்கசாமி தம் தாள்களை அடுக்கி நாடாவால் கட்டினார். தங்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். தங்கையை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கமலாம்பாளுக்கு வலித்தது. இராஜாங்கம் அப்போதும் அவர் பக்கம் பார்க்கவில்லை. புலப்படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த ஆறு ஏக்கர் நாற்பது சென்டோடு மற்ற பினாமிகளின் நிலமும் சேர்ந்து உபரி நிலமென்று அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மேல்முறையீடெல்லாம் தீர்ந்து, அடுத்த சித்திரையில் இராஜாங்கமே சங்கிலி பிடித்துப் பதினாறு பங்காகப் பிரித்துக் கல் ஊன்றினார். பங்கு கிடைத்தவர்களில் ஒருத்தி நீலாம்பாள், நடவுக்காரி. கல்லை ஊன்றியதும் அவள் கேட்டாள், "இது இங்கயே இருக்குமாங்க?"

"இருக்கும். யாராச்சும் நகத்துனா எங்கிட்ட வாங்க. மறுபடி இதே எடத்துல வைப்பேன். அளவு எங்கிட்ட இருக்கு."

தங்கையன் தம் மகள் கல்யாணத்துக்குத் தங்கைக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. கமலாம்பாள் ஒரு கூறைப்புடவை வாங்கி ஆள் மூலம் அனுப்பினார். அது திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்குள் மிச்சம் இருந்தது.

மன்றத்திலும் சூடு ஏறியது. ரெங்கசாமி பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விருந்தாளிகள் மாதம் ஒரு நாளுக்கு மேல் சீட்டு மேஜையில் உட்காரக் கூடாது. யாருக்காக அந்தத் தீர்மானம் என்று எல்லோருக்கும் தெரியும். இராஜாங்கம் இதுவரை ஹமீதின் விருந்தாளி என்ற பேரில்தான் வந்துகொண்டிருந்தார். லியாகத் அலி எழுந்தார்.

"தீர்மானம் சரியாத்தான் இருக்கு. விருந்தாளியாவே எத்தன நாளைக்கு வச்சிருக்குறது? அவர மெம்பராக்கிடுவோம்."

சிரிப்பு எழுந்தது. ஓட்டெடுத்தார்கள். பதினொன்றுக்கு ஏழு. இராஜாங்கம் மெம்பர் ஆனார். மறுநாள் முதல் அவர் காபியை இன்னொருவர் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பொன்மலைக் கோப்பை கும்பகோணத்துக்கு வந்தது.

எமர்ஜென்சி வந்தது, ஆட்சி கலைந்தது, புது ஆட்சி வந்தது. இராஜாங்கம் சர்வே ஆய்வாளர் ஆனார். கமலாம்பாள் முதல்வர் பதவி கிடைத்துப் புதுக்கோட்டைக்குப் போனார். பஸ் ஏற்றிவிடப் போன பொன்னுத்தாய்தான் அழுதாள். லியாகத் அலி மில்லைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மகனோடு இருக்க சிங்கப்பூர் போய்விட்டார்.

அதற்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை, பாபநாசத்தில் இராஜாங்கம் கட்டியிருந்த புது வீட்டு வாசலில் ரெங்கசாமியின் கார் வந்து நின்றது. ஏழெட்டு வருஷமாகக் கோர்ட்டிலும் களத்திலும் எதிரெதிரே நின்றவர்கள். ரெங்கசாமி உள்ளே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னுத்தாய் காபி கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் குடித்தார்.

"நாளைக்கு ஆட்டத்துக்கு எனக்கு ஜோடி இல்லய்யா" என்றார்.

"எனக்கும்தான் இல்லீங்க சார்."

"சேந்து ஆடுவமா?"

இராஜாங்கம் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். "ஆடலாம் சார். நான் ஏலத்துல சொல்றத நீங்க நம்பணும். அவ்வளவுதான்."

"வக்கீல் வீட்டுல பொறந்து வக்கீலாவே வளந்தவன்கிட்ட நம்பச் சொல்றியே!"

"கோர்ட்டுல நம்ப வேணாம் சார். மேஜைல போதும்."

ரெங்கசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "பென்சில் இருக்கா? என்னென்ன பேசி வச்சுக்கணுமோ எழுது."

முதல் ஞாயிறு ஒருவரை ஒருவர் நம்பாமல் படுதோல்வி. இரண்டாவது ஞாயிறு ஏலத்தின் நடுவே ரெங்கசாமி மூன்று தடவை பெருமூச்சு விட்டார், ஆனால் சொன்னபடி கேட்டார். அந்த வாரம் ஜெயித்தார்கள்.